புத்தகத்தை மூடிட்டுச் சொல்லு

தம்பி மகளின் விலங்கியல் புத்தகத்தைப் புரட்டியபோது கண் கூசியது. தலைப்பில் மஞ்சள் மை, தலைப்புக்குக் கீழே பத்தி முழுக்க மஞ்சள் மை, ஓரத்துப் பெட்டிச் செய்தியிலும் மஞ்சள் மை. சில இடங்களில் மஞ்சளுக்கு மேலேயே பச்சை. அந்த மார்க்கர் பேனாவின் நெடி வேறு.

"இதுல எதும்மா முக்கியம்?" என்றேன்.

"எல்லாமே முக்கியம்தான் அத்த. நீட்டுல எந்த வரியிலேருந்து வேணும்னாலும் கேப்பாங்க."

"சரி, இந்தக் கடைசிப் பத்தியில என்ன இருக்கு? புத்தகத்தை மூடிட்டுச் சொல்லு."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது எங்கள் ஆயா சொல்லும் வாக்கியம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் குறிஞ்சிப்பாடியில், ராட்டைச் சத்தத்துக்கு நடுவே, தினமும் காதில் விழுந்த வாக்கியம்.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நெசவாளர் சங்கத்தில் கூலி வாங்கப் போனாலும் கைநாட்டுதான். குறிஞ்சிப்பாடி கைலி நெசவுக்குப் பேர்போன ஊர். எங்கள் தெருவில் விடிகாலையில் பாவு நீட்டிக் கஞ்சி தடவுவார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். அந்தக் கஞ்சி வாசனையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடத்துக்குப் போவோம். சாயங்காலம் திரும்பி வந்தால் ராட்டை காத்திருக்கும். அப்பா குழித்தறியில் உட்கார்ந்திருப்பார். நாடாவுக்குள் போடும் தார் தீர்ந்துபோனால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். தார் சுற்றுவது வீட்டுப் பெண்பிள்ளைகளின் வேலை. ஒரு கை ராட்டையைச் சுற்ற, இன்னொரு கையின் விரலிடுக்கில் நூல் ஓடிக்கொண்டிருக்கும். புத்தகத்தைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது.

அதனால் நான் செய்தது இதுதான். ராட்டைக்கு முன்னால் உட்காருவதற்குள் ஒரு பாடத்தை அவசரமாக ஒருமுறை வாசித்துவிடுவேன். பிறகு தார் சுற்றிக்கொண்டே அதை ஆயாவிடம் சொல்ல வேண்டும். ஆயா எதிரே காலை நீட்டி உட்கார்ந்து நூல் கழியைச் சிக்கெடுத்தபடி, "என்னா படிச்ச இன்னிக்கு? சொல்லு" என்பாள். நடுவில் மறந்துபோய்ப் புத்தகத்தை எட்டிப் பார்த்தால் பிடிக்காது. "அதப் பாத்துச் சொல்றதுக்கு நீ எதுக்கு? அதையே எங்கிட்ட குடுத்துட்டுப் போயேன். மூடிட்டுச் சொல்லு." எழுத்தே தெரியாதவளிடம் புத்தகத்தைக் கொடுத்து என்ன ஆகப் போகிறது என்று நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். ஆனால் விடமாட்டாள்.

ஒருநாள் புவியியல் பாடம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கிடைக்கிறது, அதிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள் என்று புத்தகத்தில் ஓரிரு வரிதான். சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவப் பார்த்தேன். ஆயா நிறுத்தினாள். அவளுக்கு நெய்வேலியின் கதை புத்தகத்தை விட நன்றாகத் தெரியும். ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக என்னவோ வந்ததும், அவர் அதை அதிகாரிகளிடம் கொண்டுபோனதும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோரும் சொல்லும் கதை. 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1962-இல் முதல் மின்சாரம் வந்தது வரை அவள் கண்முன் நடந்தது. அவள் கேட்டது ஒரே கேள்வி: "அங்கதான் தண்ணி பொத்துகிட்டு வருமே, அப்புறம் எப்பிடி அவ்ளோ ஆழத்துல நின்னுகிட்டுக் கரி வெட்டுறான்?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்திலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் சுரங்கத்தில் வேலை பார்த்தார். கரிப் படுகைக்கு அடியில் பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது, அந்தத் தண்ணீர் கீழேயிருந்து மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும், அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் வெட்டினால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொள்ளும், அதனால் ராத்திரி பகலாகப் பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று மண்ணில் குச்சியால் படம் போட்டுக் காட்டினார். அப்படி இறைக்கும் தண்ணீர்தான் பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வருகிறது என்றார். பெருமாள் ஏரி எங்களுக்குத் தெரிந்த ஏரி. அதில் நிற்பது கரிக்கு அடியில் கிடந்த தண்ணீரும்தான் என்று தெரிந்தபோது வந்த வியப்பு இன்னும் போகவில்லை. அந்த வருஷம் படித்த புவியியலில் மிச்சம் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால், பருத்தி விளையும் கரிசல் மண்ணைத் தவிர வேறு ஒன்றும் சொல்ல வராது.

ஆயாவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. மாதப் பூசத்துக்கு வடலூர் போவோம், நடைதான். 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் சாப்பாடு. அன்று மூட்டிய அடுப்பு இன்று வரை அணையாமல் எரிவதாக ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்வாள். போகிற வழியில் திடீரென்று, "போன மாசம் ஒரு ராசா கதை சொன்னியே, ரோடு போட்டு மரமெல்லாம் வச்சானே, அவன் பேரு என்னா?" என்பாள். எனக்குப் பாதி மறந்திருக்கும். சாலையோரத்து முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டே யோசித்து யோசித்து ஷெர்ஷாவை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வருவேன். அப்படி ஒருமுறை இழுத்து வந்த பேர் மறுபடி தொலைந்ததில்லை.

அந்தக் காலத்தில் படிப்பு என்பது சத்தம். முழுப்பரீட்சை நெருங்கினால் தெரு முழுக்கத் திண்ணைகளில் பிள்ளைகள் உட்கார்ந்து உரக்கப் படிப்பார்கள். யார் எந்தப் பாடத்தில் இருக்கிறார்கள் என்பது தறியில் இருக்கும் அப்பாக்களுக்குக்கூடத் தெரியும். எதிர்வீட்டு அண்ணன் ஒருவர் நோட்ஸை வரிவிடாமல் நெட்டுருப் போடுவார். ஒரு கேள்விக்கான விடையின் நடுவில், "விளக்கத்துக்குப் பக்கம் 47 பார்க்க" என்று அச்சாகியிருந்ததையும் சேர்த்து ராகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் தெருவே அவரைப் "பக்கம் நாப்பத்தேழு" என்று கூப்பிட்டது. இப்போது அந்தத் தெருவில் தறிச் சத்தமும் குறைந்துவிட்டது, படிக்கும் சத்தமும் இல்லை. பிள்ளைகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு செல்போனைப் பார்க்கிறார்கள். படிக்கிறார்களா, வேறெதையாவது பார்க்கிறார்களா என்று அவர்களைப் பெற்றவர்களுக்கே தெரிவதில்லை.

மேல்நிலை வகுப்பில் எனக்கு நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து ஒரு தோழி கிடைத்தாள். அவள் வீட்டுக்கு முதல்முறை போனபோது பிரமித்துப்போனேன். அகலமான சாலை, இரண்டு பக்கமும் மரங்கள், வட்டம் வட்டமாகப் பிரித்து ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ். அவளுக்கென்று மேசை, நாற்காலி, மேசை விளக்கு. சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய டைம் டேபிள்: காலை நான்கு மணிக்கு இயற்பியல், ஐந்தரைக்குக் கணிதம். ராட்டை இல்லை, நூல் சிக்கு இல்லை, வந்து போகும் ஆள் இல்லை. இப்படி ஒரு மேசை எனக்கு இருந்தால் மாநிலத்திலேயே முதலாவதாக வந்துவிடுவேன் என்று நினைத்தேன்.

அவள் அந்த மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாடத்தையும் திரும்பத் திரும்ப வாசிப்பாள். அடிக்கோடு போடுவாள், அழகான கையெழுத்தில் நோட்டில் அப்படியே எடுத்தும் எழுதுவாள். பரீட்சைக்கு முந்தின நாள், வகுப்பறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்வோம். அப்போது அவள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "தெரியும்டி, ஆனா சொல்ல வரல." பொய் சொல்லவில்லை, பாவம். பக்கத்தைக் காட்டினால் எந்த மூலையில் எந்தப் படம் இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடுவாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆசிரியையாக இருந்துவிட்டேன். இந்த வாக்கியத்தைச் சொல்லாத வகுப்பு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

அதற்கான காரணம் பிற்பாடு தெரிந்தது. சிதம்பரத்தில் பி.எட். படித்தபோது எஸ்கியூ3ஆர் என்று ஒரு முறையைப் பாடமாக வைத்திருந்தார்கள். ஃபிரான்சிஸ் ராபின்சன் என்ற அமெரிக்கர், ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 1946-இல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குறைந்த அவகாசத்தில் நிறையப் படித்தாக வேண்டிய ராணுவ மாணவர்களை வைத்துப் பழகிய முறை. பாடத்தை முதலில் மேலோட்டமாக ஒரு பார்வை பார். தலைப்புகளைக் கேள்விகளாக மாற்று. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படி. படித்ததைப் பார்க்காமல் சொல்லிப் பார். கடைசியில் திரும்ப ஒருமுறை சரிபார். விரிவுரையாளர் இதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது நான்காவது படியில் எங்கள் ஆயா வந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். வகுப்பில் பலர் அந்த ஐந்து படிகளையும் நெட்டுருப் போட்டுத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். அந்த முறைப்படி படித்தவர்கள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னும் பிற்பாடு, 2006-இல், ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் இரண்டு சின்னக் கட்டுரைகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஒன்றை அப்படியே மறுபடி படித்தார்கள். மற்றொன்றைப் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்ததில்தான் கொஞ்சம் கூடுதல். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: மறுபடி படித்ததில் 42 சதவீதம் நினைவிருந்தது, பார்க்காமல் எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம். என் டவுன்ஷிப் தோழிக்கு நடந்தது இதுதான். திரும்பத் திரும்பப் பார்க்கும்போது பக்கம் பழகிப்போகிறது. முகம் தெரிந்தவரின் பேர் நமக்கு வாயில் வராமல் நிற்குமே, அந்தப் பழக்கம். 2013-இல் டன்லோஸ்கியும் அவர் கூட்டாளிகளும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து அலசியபோது, அடிக்கோடிடுவதும் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயன் உள்ளவை என்றார்கள். தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பதும், இடைவெளி விட்டுவிட்டுப் படிப்பதும் மேல்வரிசையில் நின்றன. இடைவெளி விஷயத்தை 1885-இலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைப் பொருளாக்கி ஆராய்ந்திருக்கிறார். எங்கள் வீட்டில் அது வடலூர் நடையில் தானாக நடந்தது.

இதற்காக ஓஹியோ வரை போக வேண்டியதும் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூலின் பாயிரத்தில் இருக்கிறது. நாங்கள் இலக்கணம் என்றாலே பயந்து தள்ளிவைத்த நூல். மாணவன் எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு கணக்கு வருகிறது: ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் காற்பங்குதான் கிடைக்கும், கூடப் படிப்பவர்களோடு பேசிப் பழகினால் இன்னொரு கால், மீதி அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் கைக்கு வரும். சரிபாதி! மாணவர்களைத் தரம் பிரிக்கும்போது பசுவை முதல் வரிசையில் வைக்கிறார், மேய்ந்ததை ஒதுங்கி உட்கார்ந்து அசைபோடுவதால். சொன்னதையே சொல்லும் கிளிக்கு நடு வரிசைதான். தோட்டம் தோட்டமாகப் போய்ச் செடிக்கொரு வாய் கடித்துவிட்டு வரும் ஆட்டைக் கடைசியில் தள்ளிவிடுகிறார். ஒரே இரவில் நாலு யூடியூப் சேனலில் நாலு பாடத்தைப் பாதி பாதி பார்க்கும் பிள்ளைகளைக் காணும்போது எனக்கு அந்த ஆடு நினைவுக்கு வரும்.

திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் இதுவே வழக்கம். சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல், மாணவர்களே மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே செய்து பார்த்து, 1797-இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பேரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அடியும் உதையும் நிறைந்த அந்தத் திண்ணைப் பள்ளிகளைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். யாருக்கு அங்கே இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதும் நமக்குத் தெரிந்ததே. எங்கள் ஆயாவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சரியாகத்தான் இருந்தார்கள்.

மனப்பாடத்தை ஒரேயடியாகத் திட்டுவது இப்போது ஒரு நாகரிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குறளை மனப்பாடம் செய்யாமல் வேறு எப்படி வைத்துக்கொள்வது? வாய்ப்பாடும் அப்படித்தான். செய்யுளை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஓசை பிடிபட்டால் பாதி வரி தானே வரும். கணக்கு வாசிப்பதற்கான பாடமே இல்லை, எடுத்துக்காட்டுக் கணக்கைத் தாளால் மறைத்துக்கொண்டு தானே போட்டுப் பார்ப்பதுதான் அங்கே படிப்பு. அறிவியலில் படத்தைப் பார்க்காமல் வரைந்து பாகங்களைக் குறித்துவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும். விடுபட்ட பாகம் எதுவோ அதுதான் அன்றைய பாடம். வரலாற்றை யாரிடமாவது கதையாகச் சொல்ல வேண்டும், கேட்கிறவர் "ஏன்?" என்று குறுக்கே விழுந்தால் இன்னும் நல்லது. வகுப்பில் நான் செய்ததும் இவ்வளவுதான். பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது புத்தகங்களை மூடச் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் நினைவில் இருப்பதை எழுதச் சொல்வேன். மதிப்பெண் கிடையாது. முதல் மாதம் முனகுவார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் பிடிக்காது. தெரியும் என்று நினைத்திருந்தது தாளில் வராதபோது அவர்களுக்குக் கோபம் வந்துவிடும்.

தம்பி மகளுக்கும் அன்று கோபம்தான் வந்தது. மூடிய புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இருங்க அத்த, வருது... சிறுநீரகத்துல... அந்த நெஃப்ரான்..." என்று நின்றுவிட்டாள். நெஃப்ரானை வரைந்து காட்டு என்றேன். வரைந்தாள். ஹென்லே வளைவு வரை வந்து, அதற்கு மேல் எந்தக் குழாய் எங்கே சேரும் என்பதில் பேனா நின்றது. அந்தப் பக்கத்தில் மஞ்சள் படாத வரியே இல்லை. திறந்து பார்த்துத் திருத்திக்கொண்டாள். அடுத்த வாரம் நான் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது, கேட்காமலேயே ஒரு பழைய செய்தித்தாளின் ஓரத்தில் முழுதாக வரைந்து நீட்டினாள். இப்போது சனிக்கிழமைகளில் அவள் பாட்டியிடம் — என் அம்மாவிடம் — உயிரியல் சொல்கிறாள். அம்மா எட்டாவது வரை படித்தவர். "மூத்திரம் எப்பிடி உண்டாவுதுன்னு இவ்ளோ நாளா எனக்கு யாருமே சொல்லல பாரு" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்.

மார்க்கர் பேனாவை அவள் விட்டுவிடவில்லை. விட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. முதலில் மூடிவைத்துச் சொல்லிப் பார், வராத இடத்துக்கு மட்டும் மஞ்சள் போடு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்குப் போகும்போதெல்லாம் பெற்றோர்கள் கைடுக் கடைகளில் நெருக்கியடித்து நிற்பதைப் பார்க்கிறேன். எந்தக் கைடு நல்ல கைடு என்று என்னிடமும் கேட்பார்கள். வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போய், "படி, படி" என்று விரட்டுவதற்குப் பதிலாக, சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிடம் பிள்ளைக்கு எதிரே உட்காருங்கள். டி.வி.யை அணைத்துவிடுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. புத்தகத்தை மூடச் சொல்லி, இன்று படித்ததைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். புரியாத இடத்தில் "ஏன்?" என்று கேளுங்கள். ஒரு மாதம் கழித்து அதையே மறுபடி கேளுங்கள்.